கடைசி வரியில் வராத பெயர்

பழைய கல்யாணப் பத்திரிகையோ, கோயில் நோட்டீஸோ எது கையில் கிடைத்தாலும் என் கண் முதலில் போவது அதன் கடைசி வரிக்குத்தான். அங்கே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அதை விளம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. விளம்பரமும்தான். ஆனால் அதற்கு முன்னால் அது சட்டமாக இருந்தது. 1867இல் வந்த அச்சகச் சட்டப்படி, புத்தகமானாலும் துண்டுத்தாளானாலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் அதில் இருந்தாக வேண்டியிருந்தது. 2024இல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்தது. தேர்தல் வந்தால் கெடுபிடி இன்னும் அதிகம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவர் பெயரும் முகவரியும் இல்லாமல் ஒரு துண்டறிக்கைகூட அச்சகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. எங்கள் அச்சகத்தில் அந்த ஒரு வரியை 6 பாயிண்ட் அளவுப் பொடி எழுத்தில் கோர்த்து, நூல் கட்டி, கலைக்காமல் தனியாகவே வைத்திருப்போம். எந்த வேலை வந்தாலும் அதைத் தூக்கி அடியில் வைத்தால் போதும்.

அந்த வரியில் என்றைக்கும் வராத பெயர் ஒன்று உண்டு. அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பொறுக்கிக் கோர்த்த கம்பாசிட்டரின் பெயர். புத்தகம் என்றால் எழுதியவர் பெயர் அட்டையில் வரும், பதிப்பித்தவர் பெயர் உள்ளே வரும், அச்சகத்தின் பெயர் பின்னால் வரும். கோர்த்தவர் பெயர் எங்கும் வராது. தமிழ் அச்சு வரலாறு பேசுகிறவர்களும் அவர்களைக் கூலிக்கு வேலை செய்தவர்கள் என்ற அளவில் கடந்துபோகிறார்கள். நான் அவர்களுக்கு நடுவில் வளர்ந்தவன். தமிழ்ப் புத்தகத்துக்கு அவர்கள் கொடுத்தது வெறும் உடலுழைப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் 1977இல் மாயவரத்தில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த ஓட்டு வீடு அது. முன்கட்டில் முதலாளியின் மேஜை, அடுத்து எழுத்துப் பெட்டிகள் அடங்கிய கேஸ்கள் வரிசையாக நிற்கும் கம்போசிங் பகுதி, பின்கட்டில் காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில், ஒரு சிலிண்டர் மெஷின், ஓரத்தில் பைண்டிங். உள்ளே நுழைந்தால் மண்ணெண்ணெயும் மையும் மைதாப் பசையும் கலந்த வாசனை. வீட்டுக்குப் போனாலும் சட்டையை விட்டு அது போகாது.

சேர்ந்தவுடனே யாரையும் கோர்க்க விடமாட்டார்கள். முதல் வேலை, அச்சடித்து முடித்த பாரத்தை, அதாவது சட்டத்தில் பூட்டிய எழுத்துப் பக்கங்களை, கழுவி எழுத்துகளைப் பிரித்து அந்தந்தப் பெட்டியில் போடுவது. மூன்று நான்கு வரிகளை அப்படியே இடது கையில் தூக்கிக்கொள்ள வேண்டும். வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு சொல்லைக் கிள்ளி எடுக்கும். அந்தச் சொல்லைப் படித்தபடியே எழுத்து எழுத்தாகப் பெட்டியில் உதிர்க்க வேண்டும். போடுகிறவன் கவனம் பிசகினால் நாளைக்குக் கோர்க்கிறவன் கையில் தப்பு எழுத்து வரும். அவனுக்குப் பெட்டியைப் பார்க்க நேரமிருக்காது. கண் எழுதிய தாளில் இருக்கும், கை தானாகப் பெட்டிக்குப் போகும்.

தமிழுக்கு 247 எழுத்து என்று பள்ளியில் படித்தோம். அச்சகத்தில் கணக்கு வேறு. க முதல் ன வரை 18. ஒவ்வொன்றிலும் புள்ளி இல்லாதது, புள்ளி வைத்தது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று 6 உருவங்கள் தனித்தனியாக ஈயத்தில் வார்த்து வரும். அதுவே 108 பெட்டி. உயிர் 12, ஆய்தம் 1. கால் (ா), ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே), இணைக்கொம்பு (ை) ஆகியவற்றுக்குத் தனிப் பெட்டிகள். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ. பிறகு எண்கள், கமா, கேள்விக்குறி, அடைப்புக்குறி, பல அளவில் ஸ்பேஸ்கள், குவாடுகள் என்ற வெற்றுத் துண்டுகள். இங்கிலீஷ் கேஸில் நிற்கிறவர் நின்ற இடத்திலேயே கோர்த்துவிடலாம். தமிழுக்கு இடுப்பிலிருந்து மேல் உடம்பு முழுவதும் அசைய வேண்டும்.

அடிக்கடி வருபவை நெஞ்சுக்கு நேரே இருக்கும். க், ம், ன், து, தி எல்லாம் கை மடக்கத்திலேயே கிடைக்கும், பெட்டியும் பெரியதாக இருக்கும். அபூர்வமானவை மேல் வரிசைக்கும் ஓரத்துக்கும் போய்விடும். எந்த எழுத்துத் தமிழில் எவ்வளவு புழங்குகிறது என்பதை எந்தப் பண்டிதரிடமும் கேட்காமல் கம்பாசிட்டர் சொல்லிவிடுவார். எந்தப் பெட்டி முதலில் காலியாகும் என்பது அவருக்குத் தெரியும்.

கோர்க்கிற முறையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பார்க்காதவர்களுக்காக. இடது கையில் எழுத்தை அடுக்கும் சின்னத் தட்டு, ஸ்டிக். அதில் வரியின் அகலத்தை ‘எம்’ என்ற அச்சு அளவுக் கணக்கில் பூட்டி வைத்திருப்போம். எழுத்தின் முகம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கும். அதைத் தலைகீழாக, ஆனால் இடமிருந்து வலமாகவே அடுக்குவோம். எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் நகம் பதிந்த மாதிரி ஒரு வெட்டு இருக்கும். நிக் என்போம். அது மேல்பக்கம் பார்த்திருந்தால் எழுத்து சரியாக நிற்கிறது என்று அர்த்தம். விரல் அதைத் தடவித் தெரிந்துகொள்ளும், கண் பார்க்க வேண்டாம். புதிதாக வந்தவனை மிரட்டுவது ர-வும் காலும். இரண்டுக்கும் அடியில் ஒரு சின்னச் சாய்வுதான் வித்தியாசம். 8 பாயிண்டில் அதுவும் மைக்கறை படிந்திருந்தால் பகல் வெளிச்சத்திலும் தேட வேண்டும்.

எங்கள் போர்மேன் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். பட்டமங்கலத் தெருப் பக்கத்திலிருந்து நடந்து வருவார். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம், முதலாளிகூட. தமிழில் எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதில் அவர் தவறி நான் பார்த்ததில்லை. இலக்கண விதி கேட்டால் சொல்லத் தெரியாது. “கோர்க்கும்போதே கை நிக்கும் தம்பி, அங்க ஒண்ணு குறையுதுன்னு” என்பார். ஒரு முறை பக்கத்து ஊர்ப் புலவர் ஒருவரின் தலபுராண உரை அச்சுக்கு வந்தது. எழுதியவர் தமிழாசிரியர், எழுத்தும் முத்து முத்தாக இருக்கும். புரூஃப் எடுத்துக்கொண்டு போகும்போது அண்ணன் ஒரு இடத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டு, “ஐயா கோவிச்சுக்காதபடி கேளு. இந்த இடத்துல ‘ப்’ வேணுமான்னு மட்டும் கேளு” என்று சொல்லி அனுப்பினார். புலவர் அந்த வரியைப் பார்த்தார். தாளைக் கீழே வைத்துவிட்டு, “யாருய்யா கோர்த்தது?” என்றார். மறுநாள் அவரே அச்சகத்துக்கு வந்து, முன்கட்டில் உட்காராமல் நேரே கேஸ் பக்கம் போய் அண்ணனைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த கையெழுத்துப் பிரதிகளில் ஓரத்தில், ‘சந்தேகம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம்’ என்று எழுதியிருக்கும்.

வரி முடிக்கிற இடத்தில்தான் கம்பாசிட்டரின் தமிழ் முழுதாகத் தெரியும். ஸ்டிக்கின் அகலம் மாறாது, வரி அதற்குள் இறுக்கமாக நிற்க வேண்டும். இங்கிலீஷில் சொற்கள் சின்னவை, இடையில் ஸ்பேஸை ஏற்றி இறக்கிச் சரிக்கட்டிவிடலாம். தமிழில் ஒரு சொல்லே அரை வரி நீளும். அதனால் சொல்லை உடைத்துத்தான் ஆக வேண்டும். உடைப்பதற்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது. கொம்பை ஒரு வரியிலும் அதன் எழுத்தை அடுத்த வரியிலும் விடக் கூடாது. உடைந்த துண்டு தனியாக நின்று வேறு அர்த்தம் கொடுக்கக் கூடாது. இன்றைக்குப் போன் திரையில், அச்சான நாளிதழில்கூட, வரி ‘ப்’ என்றோ ‘ம்’ என்றோ தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஐந்தாவது படித்தவர்கள் கண்ணாகக் காப்பாற்றிய ஒழுங்கு அது.

இன்னொன்றும் உண்டு. ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ‘வந்துவிட்டான்’ என்று சேர்த்து எழுதுவதா, ‘வந்து விட்டான்’ என்று பிரிப்பதா? பல நேரம் முடிவு செய்தது ஸ்டிக்கில் மிச்சமிருந்த இடம். வரி இறுகினால் சேர்ப்போம், தளர்ந்தால் பிரிப்போம். ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு விதமாக இருப்பதைப் பார்த்து, எழுதியவருக்கு ஒழுங்கில்லை என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அவர் எழுதிய தாளில் ஒரே மாதிரி இருந்திருக்கும். நாங்கள் கோர்த்த எத்தனையோ பக்கங்களில் அப்படித்தான்.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935இலேயே தன் பத்திரிகையில் புழங்க ஆரம்பித்த எழுத்துகளை எம்.ஜி.ஆர். அரசு எல்லோருக்கும் பொதுவாக்கியது. வெளியில் அதைக் கொள்கைப் பிரச்சினையாகப் பேசினார்கள். எங்களுக்கு அது பெட்டிப் பிரச்சினை. அதுவரை ணை, லை, ளை, னை நாலும் தும்பிக்கை தூக்கிய ஒரே வார்ப்பாக வந்தன. ணா, றா, னா சுழித்த வடிவத்தில் தனி எழுத்துகள். ஆணைக்குப் பிறகு இவை எல்லாம் இரண்டு துண்டாகப் பிரிந்தன. பழைய வார்ப்புகள் பெட்டியில் சும்மா கிடக்க, இணைக்கொம்பும் காலும் பறந்துபோயின. ‘இல்லை’, ‘வேலை’, ‘தலைமை’, ‘அன்னை’ எதைக் கோர்த்தாலும் இப்போது இணைக்கொம்பு தனியாக வேண்டும். இரண்டு பக்கம் கோர்ப்பதற்குள் பெட்டி தரை தட்டும். எழுத்து வார்க்கும் பவுண்டரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நாட்கள் உண்டு. அரசாங்க வேலைக்கும் பள்ளிக்கூட வேலைக்கும் புது எழுத்து, கல்யாணப் பத்திரிகைக்குப் பழைய எழுத்து என்று கொஞ்ச காலம் இரண்டையும் வைத்து ஓட்டினோம். பெரியவர்கள் சிலர் “என் பேத்தி பத்திரிகையில தும்பிக்கை லை-தான் வேணும்” என்று கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குச் சீர்திருத்தம் பிடித்திருந்தது. அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு எழுத்து எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு எடுக்க வைக்கிறார்களே என்பது அவர் வாதம், அவர் கைக்கு அது நியாயம்தான்.

எழுத்து தீர்ந்துபோவது என்பதை இன்றைக்குக் கற்பனை செய்வதே கடினம். கம்ப்யூட்டரில் ‘ம்’ தீராது. எங்களுக்குத் தீரும். கருமாதிப் பத்திரிகையில் அடியில் வரிசையாகப் பெயர்கள் வரும், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ‘அவர்கள்’ வரும். ர்-ம் ள்-ம் காலியாகிவிடும். அப்போது அதே அகலமுள்ள வேறொரு எழுத்தைத் தலைகீழாகச் செருகி வைப்போம். புரூஃபில் அந்த இடத்தில் எழுத்தின் அடிப்பாகம் பதிந்து இரண்டு கறுப்புக் கட்டைகளாகத் தெரியும். வேறு பாரம் கழுவி வந்ததும் அந்தக் கட்டைகளைத் தேடிப் பிடுங்கிச் சரியானதை வைக்க வேண்டும். சாவு வேலை ராத்திரியில்தான் வரும். கதவைத் தட்டி, அழுத முகத்தோடு ஒரு தாளை நீட்டுவார்கள். பொழுது விடிவதற்குள் கறுப்பு ரூல் கட்டி அடித்துக் கொடுப்போம். அந்த வேலைக்கு எங்கள் முதலாளி விலை பேசமாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

பிளாக்குகள் ஒரு மர டிராயரில் இருக்கும். மரக்கட்டையில் அடித்த துத்தநாகத் தகடுகள் அவை. பிள்ளையார், முருகன், மயூரநாதர் கோயில் கோபுரம், குத்துவிளக்கு, கைகூப்பிய கை. நீடூர்க் காரர்களுக்குப் பிறையும் 786-ம். பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கத்துக் கல்யாணங்களுக்குச் சிலுவையும் மணியும். எல்லாம் ஒரே டிராயரில், மேலே துணி போட்டு. ஐப்பசி மாதம் துலா உற்சவம் வந்தால் கோபுர பிளாக்குக்கு ஓய்வே கிடையாது.

கோர்த்து, திருத்தி, பக்கம் கட்டிய பிறகு கல்லுக்குப் போகும். கல் என்பது பாரம் பூட்டுகிற மேஜை. 16 பக்கப் பாரத்தில் பக்கங்கள் வரிசையாக நிற்காது. தாளை மடித்தால்தான் வரிசை வரும். கற்றுக்கொடுத்தவர் எனக்குச் சொன்ன சூத்திரம் ஒன்றுதான்: பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு எண்ணையும் கூட்டினால் 17 வர வேண்டும். 1-க்குப் பக்கத்தில் 16, 8-க்குப் பக்கத்தில் 9. வராவிட்டால் தப்பு. சேஸ் என்ற இரும்புச் சட்டத்துக்குள் பக்கங்களை வைத்து, சுற்றிலும் மரக்கட்டை கொடுத்து, குவாயின் என்ற ஆப்பை முறுக்கி இறுக்கி, பிளேனர் என்ற கட்டையை வைத்துச் சுத்தியால் தட்டி மட்டம் செய்வோம். பிறகு ஒரு ஓரத்தை விரல் கனம் தூக்கி, உள்ளே உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்போம். ஆயிரக்கணக்கான ஈயத் துண்டுகளில் ஒன்று ஆடினாலும் மெஷினில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

டிரெடில் ஓட்டுவதைப் பார்த்தவர்கள் காலைத்தான் பார்ப்பார்கள். வித்தை கையில் இருக்கிறது. இடது பக்கம் பெரிய சக்கரம் சுற்றும். மேலே வட்டமான மைத்தட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் திரும்பும். ரோலர்கள் அதில் ஏறி மை எடுத்து, பாரத்தின் மேல் இறங்கிப் பூசிவிட்டு மறுபடி ஏறும். அந்த இடைவெளியில் தாளை அழுத்தும் தட்டான பிளேட்டன் வாயைத் திறக்கும். வலது கை புதுத் தாளைத் தடுப்பு ஊசிகளில் முட்ட வைக்கும், இடது கை அடித்த தாளை எடுக்கும், வாய் மூடும். தாள் சரியாக உட்காரவில்லை என்றால் கையை உள்ளே விட்டுச் சரிசெய்யக் கூடாது. பக்கத்தில் இருக்கும் லீவரைத் தள்ளி அந்த அடியை வெறுமனே போகவிட வேண்டும். அந்தத் தொழிலில் விரல் நுனி இல்லாதவர்கள் பல ஊரில் இருந்தார்கள். கை பழகியவர் மணிக்கு ஆயிரம் தாள் போடுவார். பிறகு ஹைடல்பர்க் வந்தது. காற்றாடி மாதிரி இரண்டு கை சுழன்று தானே தாளை எடுத்துக் கொடுக்கும் ஜெர்மன் மெஷின், மணிக்கு 5000 அடிக்கும். அது ஓடுவதைப் பார்க்க நாங்கள் கும்பகோணம் போனோம். இரும்பில் அப்படி ஒரு நளினத்தை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

ஆனாலும் எங்கள் மெஷின்மேன் டிரெடிலில் செய்த ஒரு காரியத்தை எந்த மெஷினும் செய்யாது. தேய்ந்த எழுத்தும் புது எழுத்தும் கலந்த பாரத்தில் முதல் தாள் எப்போதும் மேடு பள்ளமாகத்தான் விழும். அவர் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவுவார். மங்கலாக விழுந்த இடத்தைப் பார்த்து, மெல்லிய டிஷ்யூ தாளை அந்த அளவுக்கே கிழித்துப் பசை தடவி, தாளுக்கு அடியில் இருக்கும் பேக்கிங்கில் ஒட்டுவார். அழுத்தமாக விழுந்த இடத்தில் பிளேடால் சுரண்டி எடுப்பார். கத்தரிக்கோல் பயன்படுத்தமாட்டார். கத்தரித்த ஓரம் கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் தெரியாது. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு இப்படி அரைமணி நேரம். முடிவில் தாளின் முன்பக்கம் எழுத்து கறுகறுவென்று நிற்கும், பின்பக்கம் தடவினால் வழுவழுவென்று இருக்கும். இப்போது வெளிநாடுகளில் லெட்டர்பிரஸ் மறுபடி நாகரிகமாகி, எழுத்து தாளில் ஆழமாகக் குழி விழ அடிக்கிறார்கள், இங்கேயும் சில இடங்களில் அதைப் பார்க்கிறேன். எங்கள் மெஷின்மேன் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்திருந்தால் வேலை தெரியாதவன் அடித்தது என்று சொல்லியிருப்பார். எழுத்து தாளை முத்தமிட வேண்டும், கடிக்கக் கூடாது என்ற பள்ளி அவருடையது. எனக்கும் அதுதான் சரி.

ரோலர்கள் பருவத்துக்குப் பருவம் குணம் மாறும். சரேசு என்ற பசையும் கிளிசரினும் காய்ச்சி ஊற்றிய ரோலர்கள் அவை. சித்திரை வெயிலில் இளகி எழுத்தில் ஒட்டும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்து மையை எடுக்க மறுக்கும். ராத்திரி அவற்றைக் கழற்றித் தொங்கவிடாமல் போனால் எலி கடித்து வைக்கும். கரண்ட் போனாலும் ரோலர் நன்றாக இருந்தால் காலால் மிதித்து வேலையை முடித்துவிடலாம்.

ஊர்ப் பெயர் மாறியதையும் சொல்ல வேண்டும். 1982இல் மாயவரம், அதாவது மாயூரம், மயிலாடுதுறை ஆயிற்று. கலைக்காமல் வைத்திருந்த லெட்டர்ஹெட், பில் புத்தகம், ரசீது எல்லாவற்றிலும் ஊர்ப் பெயரைப் பிடுங்கி மாற்றினோம். நாலு எழுத்து இருந்த இடத்தில் ஆறு எழுத்து. ஒவ்வொரு வரியையும் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. 1991இல் தஞ்சை மாவட்டம் பிரிந்து நாகை காயிதே மில்லத் மாவட்டம் வந்தது. விசிட்டிங் கார்டின் ஒரு வரியில் அதைக் கொண்டுவர 8 பாயிண்டிலிருந்து 6-க்கு இறங்கினோம்.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் பொறையாறு, தரங்கம்பாடி. தமிழ் அச்சு 1578இலேயே கொல்லத்தில், 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’த்தோடு தொடங்கிவிட்டது. ஆனால் இந்தப் பகுதிக்காரனுக்கு அச்சு என்றால் தரங்கம்பாடிதான். 1706இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளை வரவழைத்தார். அவை மிகப் பெரியவை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை அடித்தால் தாள் கட்டுபடியாகாது. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து அனுப்பிய சீஸ் கட்டிகளைச் சுற்றி வந்த ஈயத் தகட்டை உருக்கி அந்த எழுத்துகளை வார்த்தார்கள் என்பது வரலாறு. 1715இல் வேலை முடிந்தது. இதை நான் ஒரு மதிய நேரத்தில் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சீஸைப் பற்றிக் கேட்கவில்லை, சீகன்பால்குவைப் பற்றியும் கேட்கவில்லை. “வார்த்தது யாரு? கோர்த்தது யாரு? நம்ம ஆளுங்களா இருக்கும்ல?” என்றார். நான் படித்த புத்தகத்தில் அந்தப் பெயர்கள் இல்லை.

ஈயம் உடம்புக்கு ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்ததுதான் எழுத்து. சாயங்காலம் முதலாளி செலவில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் வரும், அது விஷத்தை இறக்கும் என்று நம்பினோம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் உண்மையில் காப்பாற்றியிருக்கும். அதைச் சொல்லித்தர யாரும் இல்லை. வெறும் தண்ணீரில் அலசிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்போம். அண்ணனுக்குக் கடைசி வருஷங்களில் வயிற்றுவலி நிற்கவே இல்லை, விரல்கள் மரத்துப்போயின. ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று யாரும் அவரைப் பரிசோதிக்கவில்லை. ஓய்வூதியம் கிடையாது, எத்தனை வருஷம் வேலை செய்தார் என்பதற்கு ஒரு தாள்கூட அவர் கையில் இல்லை. ஆயுள் முழுவதும் ஊருக்கெல்லாம் சான்றிதழும் ரசீதும் கோர்த்துக் கொடுத்தவர் அவர். இதில் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கும் டி.டி.பி. சென்டர்கள் வந்தன, ஆப்செட் வந்தது. எழுத்துகளைக் கிலோக் கணக்கில் நிறுத்து விற்றார்கள். பெட்டி பெட்டியாக இருந்ததை ஒரே சாக்கில் கொட்டியபோது, பிரித்துப் போட்டுப் பழகிய எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. டிரெடில்கள் மட்டும் முழுதாகச் சாகவில்லை. பில் புத்தகத்துக்கு நம்பர் அடிக்க, கிழிக்கிற இடத்தில் புள்ளிக்கோடு போட, அட்டையை வடிவமாக வெட்ட இன்றைக்கும் பல ஊர்களில் அவை ஓடுகின்றன. கோர்ப்பவருக்குத்தான் அங்கே வேலை இல்லை.

இரண்டு வருஷமாக நான் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் கேஸில் எந்த எழுத்து எந்தப் பெட்டியில் இருந்தது என்று நினைவிலிருந்து வரைபடம் போடுகிறேன். ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம் கொஞ்சம் வேறுபடும் என்பதால் எங்களுடையதாவது பதிவாகட்டும் என்று. கண்ணை மூடி, கையை நீட்டினால் முக்கால்வாசி வந்துவிடுகிறது. ங வரிசையில் ங், ங இரண்டைத் தவிர மற்றப் பெட்டிகளில் நட்சத்திரமும் பூக்கரையும் போட்டு வைத்திருந்தோம், ஙூ என்று ஒரு எழுத்து யாருக்கு வேண்டும்? தகராறு ஞ்-இல் வந்து நிற்கிறது. என்னோடு அதே வரிசையில் நின்று கோர்த்தவர் இப்போது வைத்தீஸ்வரன்கோயிலில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞ் வலது பக்கம், ச-வுக்கு மேலே இருந்தது என்கிறார் அவர். ‘மஞ்சள்’ கோர்க்கும்போது கை எப்படிப் போகும் என்று காற்றில் செய்தும் காட்டினார். என் கை அதே சொல்லுக்கு இடது பக்கம் போகிறது. சீர்காழியில் இன்னொருவர் இருக்கிறார், எங்களுக்கு முன்பே அங்கே வேலை செய்தவர். வரைபடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் இருவரும் அவரிடம் போகிறோம். மூலையில் ஒரு சின்ன இடம் விட்டிருக்கிறேன், அந்தக் கேஸில் நின்று கோர்த்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் எழுத.